ஓலைத்தொடுவாயில் மலை இல்லை

2022ஆம் ஆண்டு ஆனி மாதம் பதினான்காம் திகதி செவ்வாய்க்கிழமை காலை, மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் அருளப்புவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை முளைத்தது. முதல் நாள் முழங்கால் உயரந்தான் இருந்தது. புதன்கிழமை கரைவலையில் சூடை மீன் விழவில்லை, மலை ஏழு மீற்றர். வெள்ளிக்கிழமை அது கோயில் மணிக்கோபுரத்தைத் தாண்டி நாற்பத்திரண்டு மீற்றரில் நின்றது. அதற்குப் பிறகு வளரவில்லை. கழுதைகள் அன்று பின்னேரமே அதில் ஏறி மேயத் தொடங்கிவிட்டன. பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார். கிராம அலுவலர் வந்து பார்த்துவிட்டு, மலைக்கென்று தன்னிடம் படிவம் எதுவும் இல்லை என்றார். தன் மீன் காயும் பக்கத்தை அது மறைக்காத வரைக்கும் பரவாயில்லை என்று அருளப்புவும் விட்டுவிட்டார்.

மலைக்குக் காரணம் அவருடைய மகள் டினோஜா எடுத்த குப்பி. மேல்வருடத்துப் பிள்ளைகள் கீழ்வருடத்துக்குச் சும்மா எடுக்கும் பாடத்தைப் பல்கலைக்கழகங்களில் குப்பி என்பார்கள். அது பெற்றோல் இல்லாத வருடம். பல்கலைக்கழகத்தை மூடிவிட்டு விரிவுரைகளைக் கைபேசிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மன்னாரிலிருந்து புவியியல் படிக்க எடுபட்ட ஒன்பது பேர், வளாகத்தின் கேற்றைக்கூடக் காணாமலே பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியிருந்தார்கள். மூன்றாம் வருடத்து டினோஜா அவர்களை வேப்பமரத்தின் கீழ் இருத்தினாள். எல்லாவற்றையும் பாடமாக்காதேங்கோ என்றாள். குறிப்பு எடுப்பது எப்படி, முதலில் கூற்று, அடுத்து ஆதாரம், கடைசியில் முடிவு என்று விடை எழுதுவது எப்படி, விரிவுரையாளருக்கு முன்னால் நடுங்காமல் நிற்பது எப்படி, விடுதியில் எந்தக் குழாயில் உப்புத் தண்ணீர் வரும் என்பது வரை சொல்லிக்கொடுத்தாள். வரைபடத்தில் உயரம் காட்டும் சமவுயரக்கோட்டில்தான் எல்லாரும் விழுந்தார்கள். தோசைக்கல் போன்ற மன்னாரில் வளர்ந்தவர்களுக்கு மலை என்பது கலண்டர் படம். "அக்கா, நாப்பது மீற்றர் எண்டா எத்தினை பனை?" என்று கேட்டாள் கீர்த்திகா. டினோஜா ஒரு தடியை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் மணலில் வளையத்துக்குள் வளையமாகக் கீறி, பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள். அடுத்த நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

கீர்த்திகா இலுப்பைக்கடவையில் வயல் செய்யும் ஏரம்புவின் மகள். அங்கே சிக்னலும் இல்லை, பஸ்ஸும் இல்லை என்பதால் மூன்று மாதம் டினோஜாவின் வீட்டிலேயே நின்றாள்; அவளுடைய கட்டிலில் பாதியில் படுத்தாள். இரண்டாம் கிழமை உடுப்புப் பையைக் கட்டிக்கொண்டு, "எனக்குக் கம்பஸ் படிப்புச் சரிவராது அக்கா, நான் வீட்ட போறன்" என்றாள். "போறதெண்டா போ. இதில ஒருக்கா ஏறிப்போட்டுப் போ" என்றாள் டினோஜா. உச்சியில் நின்று தீவின் இரண்டு பக்கக் கடலையும் ஒரே நேரத்தில் கண்ட பிள்ளை, இறங்கி வந்து பையை அவிழ்த்தாள். பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பாகைமானியும் நூலும் வைத்து அவளே மலையை அளந்தாள். நாற்பத்திரண்டு என்பது அவள் கண்ட கணக்கு. டினோஜா தன் ஆய்வுக் கட்டுரையை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு இவளோடு மாரடித்தாள். கூடப்பிறந்தவளுக்குக்கூட யாரும் இவ்வளவு செய்ய மாட்டார்கள்.

ஐப்பசியில் வளாகத்தில் பரீட்சை நடந்தது. உமது மாவட்டத்தில் நேரில் கண்ட நிலவுருவம் ஒன்றை விபரிக்க என்று ஒரு கேள்வி. ஒன்பது பேரும் ஒரே மலையை எழுதினார்கள்: உயரம் நாற்பத்திரண்டு, தென்மேற்கில் செங்குத்து, வடக்கில் சாய்வு. திருத்தியவர்கள் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். மன்னார்த் தீவில் மலை இல்லை. விசாரணைக்குழு கூடியது. பிள்ளைகளுக்காகக் கதைக்கப் போன டினோஜா, போய்ப் பார்க்கலாமே என்று கேட்டாள். வாகனத்துக்கு டீசல் இல்லை, வரைபடம் இருக்கிறது என்றார்கள். கைபேசியில் படம் காட்டினாள். மலை எங்கேயும் மலைதானே பிள்ளை என்றார்கள். ஒன்பது பேரையும் அழைத்து, மலை இல்லையென்றால் யாரோ எழுதச் சொல்லியிருக்க வேண்டும், யாரென்று சொன்னால் உங்களுக்கு எச்சரிக்கையோடு முடியும், இல்லையென்றால் படிப்பு முடியும் என்றார்கள். பயந்திருப்பார்கள், அது விளங்குகிறது. வாயைத் திறக்காமலாவது இருந்திருக்கலாம்.

குழுவுக்குக் கொடுத்த கடிதம் கீர்த்திகாவின் கையெழுத்தில் இருந்தது. முதலில் கூற்று: ஓலைத்தொடுவாயில் மலை இல்லை. அடுத்து ஆதாரம்: நாங்கள் ஒருவரும் அதைக் கண்டதில்லை. கடைசியில் முடிவு: அப்படி எழுதும்படி மேல்வருட மாணவி டினோஜாவே எங்களைத் தூண்டினார். கீழே ஒன்பது ஒப்பம், முதல் ஒப்பம் அவளுடையது. டினோஜா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறா" என்றாள். இரண்டு வருட வகுப்புத்தடை கிடைத்தது. பட்டம் முடித்து ஆசிரியையாகப் போக இருந்தவள் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். தடையை அவள் தாங்கிக்கொண்டாள். தன் தலையணையில் தலைவைத்துப் படுத்தவள் தன் பெயரை ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதிக் கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

தை மாதம் கீர்த்திகா வந்தாள். டினோஜா உச்சியில் இருந்தாள். திரும்பி வந்ததிலிருந்து அவள் பகலில் அங்கேதான் இருப்பாள். கீர்த்திகா மலையடிக்கு வந்ததையும், காலைத் தூக்காமல் கதவுக்குள் நுழைவதுபோல் நேரே அதற்குள் நடந்துபோனதையும் அருளப்பு குசினி அடுப்படியிலிருந்து கண்டார். மலை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் டினோஜாவின் காலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, எங்க நிக்கிறியள்?"

"மேல."

"என்னை மன்னியுங்கோ அக்கா. படிப்பை நிப்பாட்டிப்போடுவினம் எண்டு பயந்திட்டன். அப்பா செத்துப்போவார் அக்கா."

"முகத்தைப் பாத்துச் சொல்லு. ஏறி வா."

கீழே மணலில் அங்குமிங்கும் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு அழுகிற குரலில், "எதில அக்கா ஏறுறது? இஞ்ச வெறும் மணல்தானே கிடக்குது" என்றாள்.

மலை இல்லை என்று ஒப்பம் வைத்த மற்ற எட்டுப் பேருக்கும் அப்படித்தான். கடற்கரைக்குப் போகும்போது சைக்கிளோடு மலைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுகிறார்கள். கீர்த்திகா மட்டும் ஒவ்வொரு விடுமுறைக்கும் வருகிறாள், மலைக்குள் நின்று கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் டினோஜா பதில் சொல்வாள், ஆனால் இதுவரை ஒருநாளும் அவளிடம் இறங்கிப் போனதில்லை. பாவம், தூரத்திலிருந்து வந்த பிள்ளை என்று அருளப்பு ஒரு கோப்பைத் தேத்தண்ணியை மலையடியில் வைத்துவிட்டு வருவார். மலைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதை எடுத்துக்கொள்ளும்.