பட்டுத் துணியில் ஒரு ரவைக்கூடு

ஆயுத பூசையன்று வேலைச் சாமானைத் தொடக்கூடாது என்று காலையிலேயே கத்தியிருந்தேன். அப்படியும் என் மனுசன் தியாகலிங்கம் துளைபோடுகிற ட்றில்லை எடுக்கப் போனார்.

"இஞ்சேருங்கோ, வையுங்கோ அதை! இவ்வளவு காலமும் பட்டது காணாதோ?"

வைத்துவிட்டார்.

பட்டது கொஞ்சமா? இலங்கை ஆமியில் துவக்கு, அதுதான் துப்பாக்கி, திருத்துகிறவராக இருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு வெகு முந்தியே விலகிக் கனடா வந்துவிட்டார். ஆனாலும் ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு அவர் சிங்கள ஆமிக்காரன்தான். நம்பி ஒருத்தரும் வேலை கொடுக்கவில்லை. பிறகு வேட்டைத் துவக்குகளுக்குத் தோட்டா அடுக்குகிற ரவைக்கூடு செய்து வெள்ளைக்காரருக்கு விற்று, பட்டறைக்குச் சின்னதாக ஒரு யூனிற் வாடகைக்கு எடுத்து, கொஞ்சம் மூச்சுவிட்டோம். தொண்ணூற்றிமூன்றில் சட்டம் வந்தது. அந்த வகைத் துவக்குகளின் கூட்டில் ஐந்து ரவைக்கு மேல் கொள்ளக்கூடாதாம். எங்களுடையது எல்லாம் இருபது கொள்கிறவை. பெட்டி பெட்டியாகப் பொலிசில் கொடுத்துவிட்டு வந்து, இந்த மனுசன் மாதக்கணக்காகச் சோபாவில் சுருண்டு கிடந்தது. வீடும் கையைவிட்டுப் போகிற நிலை.

கடைசியில் பக்கத்து ஊர் ஸ்ரௌவ்வில்லில் வேட்டைச் சாமான் விற்கிற ஒருத்தன் வழி சொன்னான். பழைய கூட்டில் துளை போட்டு ஒரு றிவெற் ஆணி அடித்துவிட்டால் ஆறாவது ரவை இறங்காது, சட்டத்துக்கும் சரி. தன்னிடம் குவிந்து கிடக்கிற கூடுகளையெல்லாம் எங்களிடமே தருகிறேன் என்றான். ஆனால் அந்தக் கூடுகளை வைத்திருக்க அரசாங்கப் பெர்மிற் இருக்கவேண்டும், மான் வேட்டை தொடங்குமுன் வேலை முடியவேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவான்.

பெர்மிற் தருகிற அதிகாரி விஜயதசமியன்று வருவதாக இருந்தது. அந்தப் பாவி ஒரு நாள் முந்தி, பூசையன்றே வந்து யூனிற் கதவைத் தட்டினான். அலெக்ஸாண்டர் என்று பெயர். சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

கூடுகளைப் பூட்டிவைக்க வாங்கிய அலுமாரியைப் பார்த்தான், பூட்டை இழுத்துப் பார்த்தான். எல்லாம் சரி என்றான். பிறகு பூசை மேசைக்கு வந்தான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ட்றில், றிவெற் அடிக்கிற கருவி, எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. வருசத்தில் ஒரு நாள் வேலைச் சாமானைக் கும்பிடுவோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் விளங்கப்படுத்தினேன். தலையாட்டினான்.

"இதற்குள் என்ன?" என்று சிவப்புப் பட்டுத் துணிப் பொட்டலத்தைக் காட்டினான். காலையில் இவர் கொண்டுவந்து வைத்தது. வேலைச் சாமான் ஏதோ என்று நினைத்து நான்தான் அதன்மேல் செவ்வந்திப்பூ வைத்தேன்.

இவருடைய முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. முதல்முதல் வீட்டுக்குக் கீழ் பேஸ்மென்ரில் இருந்து கையால் செய்த கூட்டை ஒவ்வொரு வருசமும் அந்தத் துணியில் சுற்றித்தான் பூசைக்கு வைப்பார். அதுவும் மற்றதுகளோடு பொலிசுக்குப் போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஏதோ கருவி என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. சாமிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிறவனாக அவன் தெரியவில்லை. கண்ணால் கெஞ்சினேன். இந்த மனுசனோ ஆமியில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, "நான் செய்த முதல் ரவைக்கூடு, சேர். இருபது கொள்ளும். கொடுக்க மனம் வரவில்லை" என்று இங்கிலிசில் சொல்லித் துணியை அவிழ்த்தார்.

ஐயோ பிள்ளையாரே!

"இதற்கே வழக்குப் போடலாம். உனக்கு எப்படிப் பெர்மிற் தருவது?" என்றான் அலெக்ஸாண்டர்.

"இப்போதே றிவெற் அடித்துக் காட்டினால்?" என்று கேட்டார் இவர்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அடி, பார்ப்போம்."

இவருடைய கை நகரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "தவமணி, நீர் சொல்லாமல் நான் தொடமாட்டன்."

"உந்த நேரத்திலயோ என்னைக் கேக்கிறியள்!"

கற்பூரம்கூட இன்னும் அணையவில்லை. தாயே, கோபிக்காதே என்று மனதுக்குள் அழுதபடி ட்றில்லை நானே எடுத்தேன். சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து அவர் கையில் வைத்தேன்.

கூட்டை மேசையில் அழுத்திப் பிடித்தார். ட்றில் தகரத்தில் நேராக இறங்கியது. றிவெற்றை அடித்து நீட்டினார். அலெக்ஸாண்டர் தன் பையிலிருந்து வெற்று ரவைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினான். ஐந்து போனது. ஆறாவதைப் பெருவிரல் வெளிறும்வரை அமத்தினான். போகவில்லை.

"வேலை சுத்தம்" என்று சொல்லிப் பெர்மிற்றில் கையெழுத்து வைத்தான். "வழக்குப் போடவில்லை. ஆனால் இது என்னோடு வருகிறது."

இவர் கூட்டைத் திரும்பப் பட்டுத் துணியில் சுற்றி, அவனிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

கார் போன சத்தம் கேட்டதும் நிலத்தில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார். ஆமியை விட்டு வந்தபோதும் அழாத மனுசன்.

"அழுதது காணும், எழும்புங்கோ. ஸ்ரௌவ்வில்காரனுக்குப் போன் அடியுங்கோ" என்று அதட்டினேன்.

ட்றில்லைத் திருப்பிப் பூசையில் வைக்க எனக்குக் கை வரவில்லை. அவருடைய வேலை மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.