கயிற்றில் வைத்த கை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் என் புருஷன். "போன வருஷத்துக்கப்புறம் ஏதாவது மாறியிருக்கா?" என்று பென்ஷன் அதிகாரி கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நானும் இப்ப பங்கு வாங்கிகினு கீறேன் சார்" என்றார்.

என் புருஷன் லோகநாதனுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. விசைப்படகில் இரும்புக் கயிறு அறுந்து அடித்ததில் போனது. அதற்குத்தான் ஊனமுற்றோர் பென்ஷன். ஆள் உயிரோடு இருக்கிறாரா, வேலை கிடைத்ததா, வீடு மாறினாரா என்று வருஷா வருஷம் வந்து பார்ப்பார்கள். எது மாறினாலும் சொல்லியாக வேண்டும். அவருடைய சர்க்கரை ஊசி அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. ஊசி நின்றால் இன்னொரு காலும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் காத்திவாக்கத்தில் கடலில் விரித்த கரைவலையைக் கரையிலிருந்து இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு மீனில் ஒரு பங்கு உண்டு. பலம் பார்க்க மாட்டார்கள். கால் போனபிறகு சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தவரை, வலைக்காரன் அன்பரசன்தான் வந்து கூட்டிப்போய் மணலில் உட்காரவைத்து, கயிற்று நுனியைக் கையில் கொடுத்தான். இவர் பிடிக்காவிட்டாலும் வலை வரும். ஊருக்கே தெரியும், இவருக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்குத் துண்டில் நெத்திலியைக் கட்டிக்கொண்டு வந்தவர், "மலரு, கொழம்பு வையி. என் பங்கு" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

ஜெகதீசன் என்ற அந்த அதிகாரிக்கு இதெல்லாம் எங்கே உறைக்கும்? மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரமாட்டாராம். கவுச்சி நாற்றமாம்.

"பங்குன்னா வருமானம். வேலைக்குப் போறதை ஏன் சொல்லல? பென்ஷன் நின்னுடும்" என்றார்.

"இன்னா சார் வேலை? குந்திகினு சும்மா கயிறு புடிக்கிறாரு" என்றேன்.

"புடிச்சா வேலைதாம்மா. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். பாவம்னு யாராவது குடுத்தா அது வருமானத்துல வராது. பிச்சைன்னு சொல்லுங்க, போட்டுக்கிறேன்."

அதற்குள் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. அன்பரசனும் நின்றிருந்தான். என் புருஷன் என்னைப் பார்த்தார், சொல்லாதே என்கிற மாதிரி. எனக்கு அந்தச் சர்க்கரை ஊசிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"பிச்சதான் சார். பாவம்னு போடுறாங்க" என்று நான் சொன்னேன். சொன்ன வாயைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும் போல இருந்தது.

ஜெகதீசன் செல்போனில் என்னவோ தட்டினார். சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு வண்டியில் மாட்டியிருந்த ஒயர் பையை எடுத்து நீட்டினார்.

"இன்னைக்கு சங்கரா வந்துச்சாமே? நல்லதாப் பார்த்துப் போடும்மா."

த்தூ! நீயெல்லாம் சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று தொண்டைவரை வந்தது. பென்ஷன் அந்த ஆளின் கையில் இருக்கிறதே, என்ன செய்வது? விழுங்கிக்கொண்டேன். காலையில் என் புருஷன் கொண்டுவந்த பங்கு மீனை எடுத்துப் பையில் போட்டேன். அதுவரை மூக்கைவிட்டு இறங்காத கைக்குட்டையை அந்த மனுஷன் இறக்கி, பைக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தார்.

"ஃப்ரெஷ்தானே?"



அன்று முழுக்க என் புருஷன் என்னோடு பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கரைக்குக் கிளம்பினார். கோபம் தணிந்துவிட்டது, கயிறு பிடிக்கத்தான் போகிறார் என்று நானும் பின்னாலேயே போனேன். வலை பாதி வந்திருந்தது. அன்பரசன் கயிற்று நுனியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"புடி மாமு."

அவர் தொடவில்லை. தள்ளிப்போய் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"பிச்சக்காரனுக்கு எதுக்குப்பா கயிறு?"

வலை வந்தது. கூறு போட்டார்கள். எப்போதும்போல அவருடைய கூறை அன்பரசன் கொண்டுவந்து, தலையைக் குனிந்தபடி துண்டில் வைத்தான். என் புருஷன் என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"மவராசன் நல்லாருக்கணும் சாமி" என்றார்.