மரபணு பாதி, சிறை பாதி

மேஸ்திரியின் மகள் கணக்கில் பத்தொன்பதிலிருந்து தொண்ணூற்றொன்றுக்குத் தாவியதும் பள்ளிக்கூடமே ஆடிப்போனது. படிக்கிற பிள்ளை, படித்துவிட்டுப் போகிறது என்று விட்டிருக்கலாம். தலைமையாசிரியைக்கு மனசு கேட்கவில்லை. காரணம் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சியாளரை வரவழைத்துவிட்டார்.

அவர் அவளுடைய எச்சிலைக் குப்பியில் வாங்கிக்கொண்டு குடும்ப விவரம் கேட்டார். அப்பா சிறையில். நீதிமன்றத்துக்கு எழுபத்திரண்டு படி கட்டச் சொன்னதை இருபத்தேழு என்று படித்துக் கட்டிவிட்டார். எண்களைத் திருப்பிப் படிப்பது அந்தக் குடும்பத்துப் பரம்பரைச் சொத்து. மிச்ச உயரத்துக்கு ஏணி போட்டு ஏறிய நீதிபதி, நடு ஏணியில் நின்றபடியே இரண்டு வருடம் தீட்டிவிட்டார்.

ஒரே வாரத்தில் முடிவு வந்தது.

"மரபணு ஐம்பது சதவீதம், அப்பா உள்ள இருக்கறது ஐம்பது சதவீதம்," என்றார் ஆராய்ச்சியாளர். "மரபணுவ ஒண்ணும் பண்ண முடியாது. ஜெயில கெட்டியா பிடிச்சுக்கணும்."

அப்பா வெளியே வரப் பத்து நாள்தான் இருந்தது. பொதுத்தேர்வு முடியும்வரை அவரை உள்ளேயே வைத்திருக்கும்படி சிறைக்கு மனு போடுவது என்று தீர்மானமாயிற்று. அவள் ஆராய்ச்சியாளரிடம் ஓடினாள்.

"சார், எனக்குச் சொல்லிக்குடுத்தது வார்டர் சார்," என்றாள்.

உண்மைதான். வாராவாரம் அப்பாவும் மகளும் கடிதத்தில் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். கைதிகளின் கடிதத்தைப் படித்து முத்திரை குத்துகிற வார்டருக்குத் தப்புக் கணக்கைப் பார்த்தால் கை அரிக்கும். சிவப்பு மையால் திருத்தி, வழியும் எழுதித்தான் அனுப்புவார்.

"வார்டருக்கு என் படிவத்துல கட்டம் இல்லியேம்மா."

மாதிரித் தேர்வில் அவள் வேண்டுமென்றே கோட்டை விட்டாள். பத்தொன்பது வாங்க அவள் பட்ட பாடு தொண்ணூற்றொன்றுக்குப் பட்டதில்லை. சிறையால் பலன் இல்லை என்று இப்போதாவது புரியுமே.

ஆராய்ச்சியாளர் விடைத்தாளைப் பார்த்துத் தாடையைத் தடவினார்.

"டோஸ் பத்தல. அம்மாவையும் கொஞ்ச நாள் உள்ள வெச்சா?"

"எனக்கு எங்க சார் ஒழியுது?" என்றாள் அம்மா.

மனு போயிற்று: மரபணு ஐம்பது, அப்பா சிறை ஐம்பது, அம்மா சிறை இருபது, ஆக மொத்தம் நூறு. சிறைக்குப் போகிற காகிதம் எதுவானாலும் வார்டர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. 'நூறு' மேல் சிவப்பு வட்டம். கீழே: 'கூட்டல் தவறு. வழியுடன் எழுதி அனுப்பவும்.'

ஆராய்ச்சியாளர் வழி எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த கையோடு விடைத்தாளைக் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தொண்ணூத்தொண்ணு. அப்பிடியே என்னை உரிச்சு வெச்சிருக்கடி."

அவள் திருத்தவில்லை. சிவப்பு மை அவளிடம் இல்லை.