தனி ஆவர்த்தனமும் ஒரு பிளாஸ்க் காப்பியும்

எழுபத்தைந்தாம் வருடக் கோடை விடுமுறையில் 'வாட்டர் டேங்க்' என்ற ராக் இசைப் பாண்டின் பின்னால் சிட்னியிலிருந்து மெல்பேர்ண் வரை ஊர் ஊராகக் கார் ஓட்டியவன் நான். எனக்கும் சங்கீதத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கார் என்னுடையது, அதை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வராது, அவ்வளவுதான். பைத்தியம் பிடித்திருந்தது மகாதேவனுக்கு.

மகாதேவன் கும்பகோணத்துக்காரர். சிட்னிக்குப் பக்கத்துப் பரமட்டாவில் நான் கணக்கெழுதிய கம்பெனியில்தான் அவர் இஞ்சினியர். எங்கள் தெருவில் தமிழ் பேசும் வீடு அவருடையதும் என்னுடையதும் மட்டும்தான். ஆகவே யாழ்ப்பாணத்தான், இந்தியாக்காரன் என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு வசதிப்படவில்லை. மகாதேவன் சின்ன வயதிலிருந்தே மிருதங்கம் படித்தவர். அரங்கேற்றத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில் காலேஜில் இடம் கிடைத்துவிட, தகப்பனார் மிருதங்கத்தைப் பரணில் ஏற்றிவிட்டார். மனுஷன் அதைக் கப்பலில் இங்கே வரை சுமந்து வந்திருந்தார். ஆனால் ஃப்ளாட்டில் நாலு தட்டுத் தட்டினால் கீழ்வீட்டுக் கிழவர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். மகாதேவன் தலையணையில்தான் வாசித்தார்.

அவர் மனைவி நாகலட்சுமி திருச்சியில் ஒரு சபா செயலாளரின் மகள். முன்வரிசையிலேயே வளர்ந்தவள். பாட்டில் பிழை பிடிக்க உட்கார்ந்தால் எந்த வித்வானும் தப்ப முடியாது. ஆனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம். கச்சேரியில் பாடகர் ஓய்ந்து, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் வாசிக்கத் தொடங்கியதும் அப்பா துண்டை உதறிக்கொண்டு கேன்டீனுக்குக் காப்பி குடிக்கக் கிளம்புவாராம். மகளும் பின்னாலேயே. அவர்கள் மட்டுமா, பாதி சபாவே எழுந்து போகுமாம். இதை மகாதேவன் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

அந்தப் பாண்டை முதலில் பரமட்டாவில் ஒரு பூங்காவில்தான் கேட்டோம். பாட்டு இரண்டே வரி. பிறகு முக்கால் மணி நேரம் வாசிப்பு. ஒருவன் எங்கேயோ இழுத்துக்கொண்டு போவான், மற்றவர்கள் தேடிக்கொண்டு பின்னால் போவார்கள். இன்றைக்கு வாசித்ததை நாளைக்கு வாசிக்க மாட்டார்கள், அதனால்தான் ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டும் என்றார் மகாதேவன். எனக்கு இரண்டும் ஒரே சத்தம். அவர் மட்டும் தொடையில் தாளம் போட்டபடி கடைசிவரை பிசகாமல் கேட்டதை மேடையிலிருந்து டிரம்ஸ்காரன் கவனித்திருக்கிறான். கோலின் என்று பெயர், செருப்புப் போடாத ஒல்லிப் பையன். இறங்கி வந்து கையைக் குலுக்கினான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவர்கள்தான் இருவரும்.

ஜனவரியில் புறப்பட்டோம். பின்சீட்டில் நாகலட்சுமி, புளியோதரைப் பாத்திரம், ஊரிலிருந்து பார்சலில் வந்த காப்பிப்பொடி, பிளாஸ்க். டிக்கியில் மிருதங்கம். பூட்டிய வீட்டு வெக்கையில் தோல் வெடித்துவிடும் என்று ஒரு காரணம் சொன்னார். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த அதை நான் வழியெல்லாம் திட்டினேன்.

கோல்பர்ன் தாண்டி ரேடியேட்டர் கொதித்தது. நாகலட்சுமி மரநிழலில் இருந்தாள். நான் தண்ணீர் ஊற்ற, பக்கத்தில் நின்ற மகாதேவன் கேட்காமலே மனதைத் திறந்தார்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான் சிவபாலன். நான் மேடையில வாசிக்கணும், நாகு முன்னால உட்கார்ந்து கடைசிவரைக்கும் கேக்கணும். ஒரு தடவை போதும்."

வீட்டில் அவளை இருத்தி வாசித்துக் காட்டலாமே என்றேன். வீட்டில் வாசித்தால் அது சாதகம், கச்சேரி ஆகாது என்றார். காது கேட்கும் மனைவியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு ஏக்கமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பாவமாகவும் இருந்தது.

வாகா, ஆல்பரி என்று ஒவ்வொரு ஊரிலும் அதே கதைதான். மற்றவர்கள் ஒதுங்கி, கோலின் தனியாக அடிக்கத் தொடங்கியதும் நாகலட்சுமி எழுந்துவிடுவாள். அவள் யோசித்துச் செய்ததல்ல, கால் தானாகக் கிளம்பியது. காருக்குப் போய் பிளாஸ்க்கோடு வந்து எங்கள் இருவருக்கும் ஊற்றித் தருவாள். மகாதேவன் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடிப்பார். நல்ல காப்பி. அதை நான் வேறு பாராட்டி வைத்தேன்.

ஆல்பரியில் கோலினும் மகாதேவனும் வேலியோரம் மிருதங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தார்கள். மெல்பேர்ணில் கடைசிக் கச்சேரி, அதில் என் நேரத்தில் உன்னை மேலே கூப்பிடுகிறேன் என்று கோலின் வாக்குக் கொடுத்திருக்கிறான். எனக்கே இது பிறகுதான் தெரியும், அப்போது மகாதேவன் எங்களிடம் மூச்சு விடவில்லை. கூப்பிடாமல் விட்டுவிட்டால் மனைவி முன்னால் முகம் சிறுத்துப் போகுமே என்ற பயம். 'இன்றைக்கு எழுந்து போகாதே' என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மனுஷன் மேல் கோபம் வருகிறது.

மெல்பேர்ணில் ஆற்றங்கரைத் திடல். பொழுது சாய்கிற நேரத்திலும் வெயில் சுட்டது. மேடைக்கு நேர் முன்னால் போர்வை விரித்து நாங்கள் இருந்தோம். கோலினைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகாதேவன் மேடைக்குப் பின்னால் போய்விட்டார். மிருதங்கத்தைக் கோலினுக்கு மறுபடி வாசித்துக் காட்டவென்று எடுத்துப் போனதாகத்தான் நினைத்தோம்.

பாட்டு நீண்டு, ஓய்ந்து, கோலினின் முறை வந்தது. நாகலட்சுமி எழுந்தாள்.

"மத்தியானத்திலேர்ந்து அவர் ஒண்ணுமே சாப்பிடலண்ணா. காப்பிய எடுத்துட்டுப் போய் பின்பக்கமா குடுத்துட்டு வர்றேன்."

கார் இரண்டு தெரு தள்ளி, மேடைச் சத்தம் அவ்வளவாக எட்டாத இடத்தில் நின்றது. சாவியைக் கொடுத்தேன்.

அவள் கூட்டத்தில் மறைந்து கொஞ்ச நேரத்தில் கோலின் கையை நிறுத்தினான். மைக்கில் ஏதோ சொன்னான். பரமட்டா என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. மகாதேவன் ஆபீஸ் காற்சட்டையோடு, மிருதங்கத்தை அணைத்தபடி வந்து மேடைத் தரையில் அமர்ந்தார். யாரோ ஓடிவந்து மைக்கைத் தாழ்த்தி வைத்தார்கள்.

அவளைத் தேடி ஓடவென்று எழுந்தேன். நானும் போய்விட்டால் அந்தக் கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இராது என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

வாசிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு அறிவு போதாது. கோலின் ஒன்று அடித்தான், இவர் அதையே வாங்கி வேறு மாதிரித் திருப்பிக் கொடுத்தார். அவன் இன்னொன்று கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் கோலின் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். திடல் முழுக்க ஒரு சத்தமில்லை. கும்பகோணத்துப் பரணில் கிடந்ததெல்லாம் அந்த விரல்களில் இறங்கி வந்தது. அவர் முடித்தபோது சனம் முழுவதும் எழுந்து நின்றது.

பின்பக்கம் போகாமல், நின்ற சனத்தை விலக்கிக்கொண்டு நாகலட்சுமி பிளாஸ்க்கோடு போர்வைக்கே வந்தாள். ஏன் எல்லோரும் நிற்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் அப்படியே போர்வையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. பிறகு என் கையைப் பிடித்தாள்.

"நான் இங்கதான் இருந்தேன்னு சொல்லிடுங்கண்ணா. எப்படி வாசிச்சார், சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க."

தெரிந்ததை உளறினேன். மகாதேவன் சட்டை நனைந்து வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டாயா என்று அவளிடம் கேட்டார். கேட்டேன் என்றாள்.

"கடைசில வச்சீங்களே ஒரு முத்தாய்ப்பு, எங்கப்பா இருந்திருந்தா அவரும் எழுந்து போயிருக்க மாட்டார்."

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவள் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்தார்.

அந்தக் குளிர்காலத்துக்குள் பாண்ட் உடைந்தது. கோலின் பெர்த் பக்கம் போய்விட்டான். அன்றைய வாசிப்பை ஒருவரும் பதிவு செய்யவில்லை. மகாதேவன் மிருதங்கத்தை மறுபடி தொடவே இல்லை. ஆசை தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் பேச்சு மெல்பேர்ணுக்கு வந்து சேரும். "நாகுவைக் கேளுங்க, அவ முன்னாலதான் இருந்தா" என்பார் மகாதேவன். அவளும் சொல்வாள். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். போகப் போக அது வளர்ந்தது. எந்த இடத்தில் நடையை மாற்றினார், எங்கே கோலின் தடுமாறினான், எங்கே அவளுக்குக் கண் கலங்கியது, எல்லாம் வந்தது. சபா செயலாளர் மகள் அல்லவா, சொல்லும்போது கேட்பவருக்குத் தாளமே கேட்கும். கூடவே இருந்து கேட்ட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

எழுபத்தொன்பதில் ஒரு ஞாயிறு. கொழும்பிலிருந்து புதிதாக வந்த மகேந்திரராஜா குடும்பத்துக்கு மகாதேவன் வீட்டில் மதியச் சாப்பாடு. அன்றைக்கு நாகலட்சுமி சொன்னதைக் கேட்டு மகேந்திரராஜாவின் மனைவி கண்ணைத் துடைத்தாள். நான் புறப்பட்டபோது மகாதேவன் கார்வரை கூட வந்தார்.

"ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துச் சொல்றா, கவனிச்சீங்களா?" என்றார்.

நான் கார்க் கதவைத் திறந்தபடி நின்றேன்.

"மேடையில உட்கார்ந்ததும் நான் முதல்ல பார்த்தது அந்தப் போர்வையைத்தான் சிவபாலன். நீங்க மட்டும் இருந்தீங்க."

நாலு வருடம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நோகாமல் காப்பாற்றிக்கொண்டு நடுவில் என்னை ஊமையாக்கி வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சுகொண்டே ஏன் அவவைச் சொல்லச் சொல்லிக் கேக்கிறியள்?"

"அவ வாயால கேக்க ஆசையா இருக்கு. அன்னைக்கு இருந்திருந்தா இப்படித்தானே சொல்லியிருப்பா."

"மிருதங்கம் அறைக்குள்ளதானே கிடக்கு. இண்டைக்கே எடுத்து அவவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோவன். கச்சேரியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

உள்ளே நாகலட்சுமியின் குரல் கேட்டது. யாரோ மறுபடி கேட்டிருக்க வேண்டும், அந்த முத்தாய்ப்பை அவள் கைதட்டிச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். மகாதேவன் அது முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

"இனிமே வாசிச்சா அவ சொல்ற அளவுக்கு இருக்காது, சிவபாலன்" என்றார்.