அப்பாவின் பெயருக்கு விழுந்த அடி

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி காலை ஏழேகாலுக்கு, வெள்ளவத்தைச் சந்தை முன்னால் பஸ்ஸுக்கு நின்ற மேனுகாவின் முதுகில் முதலாவது வரியடி விழுந்தது. அடித்தவர் என்று யாரும் இல்லை. பிரம்பு விசிறும் சத்தம் மட்டும் கேட்டது, சட்டை குறுக்காகக் கிழிந்தது, இரத்தம் இடுப்பு வரை வழிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் விலகி இடம்விட்டார்கள். ஒருவர் மட்டும், "இந்த வயசில அவ்வளவு சல்லியை எங்க பிள்ளை ஒளிச்சு வச்சனீங்கள்?" என்று கேட்டார். மேனுகா பம்பலப்பிட்டியில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. அவளுடைய வரியைச் சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுவார்கள்.

மறைத்த வரி முதுகில் விழும் என்பது கொழும்பில் புதுச் செய்தி அல்ல. லட்சத்துக்கு ஓர் அடி. கட்டுகிற காசுக்கும் தோலில் எழும்புகிற கோட்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதால், நம்மவர்கள் இதற்கு விளக்கம் கேட்டதே இல்லை. முதலில் மாதம் ஓர் அடி, ஒரு வருடம் போனால் கிழமைக்கு ஓர் அடி, அதற்கும் அசையாவிட்டால் நவம்பர் முப்பதாம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு மிச்சம் முழுவதும். முதலடி விழுந்தவுடனேயே ஆட்கள் கொட்டாஞ்சேனையில் இருந்த வரிக் கந்தோருக்கு ஓடிவந்து கட்டிவிடுவதால், மூன்றாவது அடி வாங்கியவர் என்று பழைய பதிவுகளில் ஒருவரும் இல்லை. கோப்பில் என்ன பெயரோ அந்தப் பெயருக்கே அடி போகும். அதனால் கந்தோரின் ஜன்னலில் டோரின் என்பவள் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "இது உங்கட பேரா, அப்பாட பேரா?" நாம் தகப்பன் பெயரை முன்னால் போடுகிறவர்கள். படிவம் அச்சடித்தவர்களுக்கு அது தெரியாது.

2022இல் செலவுக் குறைப்புக் குழு ஒன்று கந்தோரைப் பார்க்க வந்தது. பதினாலு உத்தியோகத்தர், நாலு மின்விசிறி, ஒரு ஜன்னல். ஒரு கேள்வி கேட்க ஒரு சம்பளமா என்று சிரித்தார்கள். பதின்மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பி, ஜன்னலுக்குப் பலகை அடித்து, டோரினைக் கோப்பில் பேனை வைக்கக்கூடாது என்று தூசி தட்ட மட்டும் விட்டு, பெயர் பார்க்கிற வேலையை ஒரு கணினியிடம் கொடுத்தார்கள். அது பெயரின் முதற்சொல்லை ஆள் என்று எடுத்துக்கொண்டது. காலி வீதிப் புடவைக்கடை முதலாளி சிவபாதசுந்தரம் மறைத்த இரண்டு கோடியே பதினைந்து லட்சம், இப்படித்தான் சிவபாதசுந்தரம் மேனுகாவின் முதுகுக்குப் போனது. இருவருக்கும் உறவு கிடையாது. மேனுகாவின் காலமான தகப்பனுக்கும் அதே பெயர், அவ்வளவுதான். முதலாளியோ அந்த வழக்கமே ஒழிந்துபோய்விட்டது என்று நம்பி, இரண்டாவது கடையைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் மேலோடு கடலில் குளித்தார். முதுகு பளபளவென்று இருந்தது.

மேனுகாவுக்கு வகுப்பில் அடி விழுந்தது, ரயிலில் விழுந்தது, குளியலறையில் விழுந்தது. மாடிவீட்டுச் சுவர்களுக்கூடாகப் பிரம்புச் சத்தத்தையும் அலறலையும் கேட்ட அயலவர்கள், புருசன் லவன்தான் அடிக்கிறான் என்று முடிவுகட்டி, அவனை மூன்று மாடிப் படிகளில் இழுத்துவந்து வலது கையை முறித்தார்கள். பொலிஸில் அவன் விலங்கோடு இருக்க, முறைப்பாட்டுப் புத்தகத்தின் முன்னாலேயே அவளுக்கு அடுத்த அடி விழுந்தது. அவனை விட்டுவிட்டார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மேனுகா கொட்டாஞ்சேனைக்குப் போனால் பலகை. கடிதம் போட்டால், "திரு. சிவபாதசுந்தரம் அவர்களே, உமது கடிதம் கிடைத்தது" என்று பதில். இருபத்தெட்டாவது அடிக்குப் பிறகு பொரளை டாக்டர், தையல் போட இனித் தோல் இல்லை என்றும், நவம்பர் முப்பதை அவள் தாண்டமாட்டாள் என்றும் லவனிடம் சொன்னார்.

அவளுடைய மூன்றாவது கடிதம் தூசிக்குள் கிடந்து டோரினின் கையில் அகப்பட்டது. டோரின் ஒரு வியாழக்கிழமை பார்த்து, அடி விழுகிற நாள் அது, மேனுகாவைக் குழுவின் முன்னால் கொண்டுபோய் இருத்தினாள். பதினொன்றரைக்கு அடி விழுந்தது. மதிப்பீட்டுத் தாள்களில் இரத்தம் தெறித்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"சேர், என்ட சம்பளம் மாசம் எழுபத்தையாயிரம்," என்றாள் டோரின். "ஜன்னல் பூட்டுறதுக்கு முந்தின வருசம் அதுக்குள்ளால மட்டும் பத்துக் கோடி வந்திச்சி. நீங்க வெட்டினது செலவை இல்ல. இந்தப் பிள்ளையத்தான்."

வருந்தத்தக்க விசயம் என்றும், அடுத்த ஆண்டு ஆராயலாம் என்றும் குழு தீர்மானித்தது. பிறகு தேநீர் வந்தது.

2024 நவம்பர் முப்பது சனிக்கிழமை, கந்தோர் பூட்டு. மூன்றரைக்கு டோரின் ஒரு சுத்தியலோடு வந்து பூட்டை உடைத்து, ஜன்னல் பலகையையும் பிடுங்கி எறிந்தாள். ஆணி கிழித்து அவளுடைய கையிலும் இரத்தம். மேனுகாவின் கோப்பைத் தேடி எடுக்கவே இருபத்தைந்து நிமிடம் போனது. வெளியே மேனுகா ஜன்னல் விளிம்பில் முகம் குப்புறச் சாய்ந்து கிடந்தாள். பாதி அடியாவது தனக்கு விழட்டும் என்று லவன் தன் உடம்பால் அவளுடைய முதுகை மூடிக்கொண்டு நின்றான்.

"சிவபாதசுந்தரம். இது உங்கட பேரா, அப்பாட பேரா?"

"அப்பாட."

"அப்ப உங்கட?"

"மேனுகா."

டோரின் சிவப்புப் பேனையால் முதற்சொல்லை வெட்டினாள். நாலு மணி அடித்தது. லவனின் முதுகில் ஓர் ஈ மட்டும் வந்து இருந்தது. அதே நிமிடம் காலி வீதியில், வாடிக்கையாளருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த முதலாளியின் முதுகில் நூற்றெண்பத்தைந்து அடியும் ஒன்றாக இறங்கின. நிலைக்கண்ணாடிகள் சிவந்தன. அரைக் கிழமைக்கு முன் வந்திறங்கிய காஞ்சிபுரம் முழுவதும் பாழ். ஊட்டமான உடம்பு, ஆள் சாகவில்லை. திங்கட்கிழமை காலை அவரை ஒரு பலகையில் கிடத்தித் தூக்கிவந்தார்கள். காசுக்கட்டுகள் பின்னால் ஒரு முச்சக்கரவண்டியில் வந்தன. டோரின் ஜன்னலால் எட்டிப் பார்த்து, அவரிடமும் கேட்டாள்.

"என்ட பேர்தான் பிள்ளை," என்றார் அவர், குப்புறக் கிடந்தபடி. "எழுதுங்கோ."

அந்தத் தொகையில் பதின்மூன்று பேருக்கும் இருபத்திரண்டு மாதம் சம்பளம் கொடுக்கலாம். குழு ஒரேயொரு பதவியைத் திருப்பிக் கொடுத்தது, அது டோரினின் ஜன்னல். மற்றவை இன்றும் வெட்டியபடியே இருக்கின்றன, ஆகவே அடிகள் இன்றும் வழி தவறுகின்றன. ஆனால் வெள்ளவத்தைச் சந்தை முன்னால் யாராவது திடீரென்று அலறினால், இப்போது ஒருவரும் விலகுவதில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடிப்பார்கள், ஒருவர் தண்ணீர் கொடுப்பார், இன்னொருவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். அப்பாவின் பெயர் என்றால் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். தன்னுடைய பெயர் என்றால், பிடித்த கையை விட்டுவிடுவார்கள்.