பாதிப் பக்கத்தில் மங்கும் மை

காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய பாடு, மத்தியானம் ஒரு மணியாகியும் தீரவில்லை. பூமாரியின் பிரிண்டர் ஒவ்வொரு தாளிலும் மேல்பாதியைக் கன்னங்கரேலென்று அடித்தது. நடுவில் எழுத்து சாம்பல் நிறமானது. அதற்குக் கீழே வெறும் வெள்ளைதான். பத்து நிமிஷம் சும்மா விட்டுவிட்டு அடித்தால் மறுபடி மேல்பாதி நன்றாக வரும், மறுபடி மங்கும். ஆளைக் கொல்வதற்கென்றே வாங்கி வைத்த இயந்திரம்.

பூமாரி பழனிசெட்டிபட்டியில் ஒரு நர்சரிப் பள்ளியில் தமிழ் டீச்சர். நாற்பது வயதில் அஞ்சல் வழியில் எம்.ஃபில். படிக்கத் துணிந்தவள். வீரபாண்டித் திருவிழா நேர்த்திக்கடன்களைப் பற்றி நூற்றுப்பத்துப் பக்கத்துக்கு ஆய்வேடு எழுதியிருந்தாள். இரண்டு முறை தவணை கேட்டு வாங்கியாகிவிட்டது. நாளைக் காலை மதுரையில் கொடுத்தால் பட்டம், இல்லையென்றால் மூன்று வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளி. அதற்கு இன்று ஐந்து மணிக்குள் தேனி பைண்டிங் கடையில் தாள்களைக் கொடுத்தாக வேண்டும்.

வெளியே கடையில் அடித்துக்கொள்ளவும் வழியில்லை. அவள் தட்டச்சு செய்த எழுத்துரு வேறு கம்ப்யூட்டர்களில் கிடையாது. போன வாரம் ஒரு கடையில் திறந்து பார்த்தபோது முதல் இயல் முழுக்கப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு மூன்று மணிக்குக் கரண்டு போய்விடும். அந்த 2008-ஆம் வருஷம் கரண்டு போவதில் மட்டும் ஒரு நாளும் நேரம் தவறியதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முப்பது பக்கத்தை முத்து முத்தாக அடித்துக் கொடுத்த பிரிண்டர்தான். பூஜை விடுமுறை கழிந்து இன்று லீவு போட்டு உட்கார்ந்தால் இந்தக் கூத்து. மை முனையைச் சுத்தம் பண்ணும் ஹெட் கிளீனிங்கை மூன்று தடவை கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அது மையைக் குடித்ததுதான் மிச்சம். மை இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி அடிப்பாகத்தை வெந்நீர் தொட்ட பஞ்சால் ஒற்றினாள். தாளை மாற்றிப் பார்த்தாள். குலசாமியையும் கூப்பிட்டுப் பார்த்தாள்.

கடைசியில் புருஷனுக்குப் போன் போட்டாள். சங்கரலிங்கம் தேனியில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக்.

"என்னங்க, பிரிண்டர் மக்கர் பண்ணுது. புதுசா ஒரு கருப்பு கார்ட்ரிட்ஜ் வாங்கிட்டு வந்து குடுங்களேன்."

"இப்பவா? கியர்பாக்ஸக் கழட்டிப் போட்டிருக்கேன். மூணு மணிக்குக் கம்பம் டிரிப்பு போகணும் வண்டி."

களைப்பு பூமாரியின் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "உங்களுக்கு என்னைக்குத்தான் நேரம் இருந்துச்சு? மூணு வருசமா மல்லாடுறேன். ஒரு நாளாச்சும் இதத் தொட்டுப் பாத்திருக்கீகளா? நான் என்ன படிக்கிறேன்னாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே போடும் சத்தம் கேட்டது. "சரி, வையி," என்றான் சங்கரலிங்கம்.

அவள் அப்படியே தரையில் படுத்துவிட்டாள். போதும், விட்டுவிடலாம் என்று தோன்றியது. எம்.ஃபில். இல்லாமல் ஊரில் யாரும் சாகவில்லை. அப்படி நினைத்ததும் ஒரு நிமிஷம் சுகமாக இருந்தது, அடுத்த நிமிஷம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. பிரிண்டர் ரிப்பேர் பார்க்கும் ஆண்டனி ராஜ். காலையிலிருந்து ஐந்து தடவை கூப்பிட்டும் கிடைக்காத ஆள்.

"டீச்சர், மேகமலை எஸ்டேட் ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கன டவரே கெடையாது. இப்பத்தான் சின்னமனூர் எறங்குனேன். என்ன பண்ணுது?"

சொன்னாள்.

"கொஞ்ச நேரம் விட்டா மறுபடி வருதுல்ல? அப்ப மையும் இருக்கு, ஹெட்டும் நல்லாருக்கு. காத்துதான் உள்ள போகல. எண்ணெ டின்னுல ஒத்த ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்துமா? அந்தக் கதைதான். கார்ட்ரிட்ஜ் மேல குண்டூசி அளவு ஒரு ஓட்டை இருக்கும், அதப் பாருங்க."

காலையிலிருந்து நாலு தடவை கழற்றியும் அவள் பார்த்தது அடிப்பாகத்தைத்தான். இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தாள். கருப்புக் கார்ட்ரிட்ஜின் உச்சியில் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். கலர் கார்ட்ரிட்ஜிலும் அப்படியே ஒன்று. காய்ந்து காரையாக இறுகியிருந்தது.

ஆயுத பூஜையன்று அவள் அடுப்படியில் சுண்டலோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, பொட்டு வைத்துக்கொண்டு வந்தவன் சங்கரலிங்கம். மிக்சிக்கு, கிரைண்டருக்கு, டிவிக்கு வைத்த மாதிரி பிரிண்டர் மூடியிலும் வைத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் ஷெட்டில் ஸ்டியரிங்கோடு நிறுத்தாமல் எஞ்சினுக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை அது. பிரிண்டரை ஆன் செய்து, மூடியைத் திறந்து, கார்ட்ரிட்ஜ் நடுவே வரும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பொட்டு வைத்து, திரும்ப மாட்டியிருக்கிறான். நேர்த்திக்கடனைப் பற்றி நூற்றுப்பத்துப் பக்கம் எழுதியவளுக்கு வீட்டுக்குள் நடந்தது தெரியவில்லை.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் போனில் பேசியது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்கை எடுத்து, தினத்தாளை விரித்துச் சந்தனத்தைச் சுரண்டினாள். ஓட்டை தெரிந்தது. மாட்டி அடித்தாள். மேலிருந்து கீழ்வரை கருப்பு. அடுத்த தாளும் அப்படியே. மணி இரண்டு.

இரண்டேகாலுக்குச் சங்கரலிங்கம் வந்து நின்றான். கையெல்லாம் கிரீஸ், அதில் ஒரு புது கார்ட்ரிட்ஜ் டப்பா.

"கியர்பாக்ஸு?"

"கூட வேல பாக்குற பலவேசத்துட்ட விட்டுட்டு வந்தேன்."

சொல்லும்போதே அவன் கண் தினத்தாளில் கிடந்த சந்தனத்தூளுக்குப் போனது. கார்ட்ரிட்ஜுக்குப் போனது. மெக்கானிக்குக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"காத்து ஓட்டையா அது? டீசல் டேங்க் மூடியிலயும் உண்டு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." டப்பாவை மேசையில் வைத்தான். "நல்லா வரணும்னுதான் புள்ள வச்சேன். நான் அதத் தொட்டிருக்கக் கூடாது."

பூமாரி டப்பாவை ஓரமாக நகர்த்தினாள். "கைய கழுவிட்டு வாங்க," என்றாள். "தாள் விழுந்துக்கிட்டே இருக்கு. ஒத்த ஆளா அடுக்க முடியல."

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். தாளை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தான், எண் பார்த்து அடுக்கினான். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசித் தாள் வந்து விழுந்தது.

"போன்ல நான் பேசுனது தப்புங்க."

அவன் நாற்பத்தியோராம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டி வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, பைண்டிங்குக்கு நேரமாச்சு."

"குடுத்துட்டு வா," என்று தாளை நீட்டினான். "நாளைக்கு மதுரைக்கு நானும் வாறேன். மிச்சத்தப் பஸ்ஸுல படிக்கணும்."