கேப்டனுக்குக் கோழி, துணை விமானிக்கு மீன்

நமுனுகுல மலையடியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த மேல் லயத்தின் கடைசி ஒற்றையறைக் காம்பராவுக்குள், 1966ஆம் ஆண்டு முதல் விமானிகளின் பேச்சு கூரைத் தகரம் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மலைக்கு மேலே விமானம் போகும்போது மட்டும் கேட்கும். மலையைத் தாண்டியதும் நின்றுவிடும். பக்கத்துக் காம்பராவுக்கும் அதற்கும் நடுவில் இருந்தது ஓர் அரைச்சுவர்தான், ஆனாலும் அங்கே ஒரு சொல்கூட விழாது. விமானி எந்த நாட்டவராக இருந்தாலும், தகரத்தில் பட்டதும் பேச்சு தோட்டத்துத் தமிழாகிவிடும். அதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்கவில்லை. இங்கிலீசிலேயே விழுந்திருந்தால்தான் தொல்லை. ஹாலிஎலயில் கடை வைத்திருந்த ஜுனைதீன் முதலாளி, யாரோ ரேடியோவை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு வந்து, கூரை, அடுப்பு, கோழிக்கூடு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பேச்சு சுத்தமாகக் கேட்கிறது, பேட்டரிச் செலவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காம்பராவில் குடியிருந்தவர்கள் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டும் மத்தேயுவும், கொழுந்தெடுக்கும் அவன் மனைவி லூசியாவும். பொழுது சாய்ந்ததும் லயமே அங்கே வந்து குந்திக்கொள்ளும். எழுநூற்றேழு விமானம் கைக்குக் கனம், குறுக்குக் காற்றில் இறக்கினால் தோள் வலிக்கிறது என்பார் ஒரு விமானி. விசி டென்னில் நான்கு என்ஜினும் வாலில் இருப்பதால் சத்தம் பின்னாலேயே போய்விடும், வெயிலூர்களில் குட்டையான ஓடுபாதையிலும் எழும்பிவிடும் என்பார் இன்னொருவர். எந்தத் தோட்டத்தில் மலை செங்குத்து, எந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை கறார் என்று ஆயுள் முழுவதும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது விளங்காமல் போகுமா? லயம் இரண்டு கட்சியானது. சிங்கராயர் கங்காணி விசி டென் கட்சி. இரண்டையும் கிட்டத்தில் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பது சண்டைக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. விமானிகளுக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் கட்டாயம் படுத்துத் தூங்க வேண்டும், படுக்க ஹோட்டலில் அறை உண்டு என்ற செய்தி விழுந்தபோது, கங்காணி அதை மறுநாள் காலையில் பேர் பதியும் பெரட்டிலேயே தோட்டத்தை நடத்தும் தொரையிடம் எடுத்துச் சொன்னார். உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் சட்டம் என்றால், அவர்களைப் போலவே உயரத்தில் நிற்கிற நமக்கும் அது உண்டு என்பது அவர் கட்சி. தொரை சிரித்தார். அன்று உச்சியில், மேமலையில் வேலைக்கு நின்ற அத்தனை பேருக்கும் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது.

எழுபத்துமூன்று கடைசியில் பஞ்சம் வந்தது. கொழும்பில் அதற்கு வேறு பெயர்கள் இருந்திருக்கலாம். லயத்தில் அதற்குப் பசி என்று பெயர். அரிசியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கோதுமை மாவு ஒரு கை கிடைத்தால் அது மூன்று பேருக்கு ஒரு நாள். கீரை என்று பெயர் இல்லாத கீரைகளையெல்லாம் பறித்து அவித்தார்கள். கிழவர்கள் முதலில் போனார்கள், பிறகு கைக்குழந்தைகள். பேச்சைக் கேட்க வருகிறவர்களும் குறைந்தார்கள். பசித்தவன் விமானத்தைக் கேட்டு என்ன செய்வான்? மத்தேயுவுக்கும் லூசியாவுக்கும் அப்போது ஜெபமலர் என்று ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்தப் பிள்ளைக்குத் தங்களில் ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்பதைத் தவிர இருவருக்கும் வேறு நினைப்பில்லை.

அப்படியிருந்த ஒரு சாயங்காலம் சாப்பாட்டுச் சட்டம் விழுந்தது. கேப்டனும் துணை விமானியும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. ஒருவர் கோழி எடுத்தால் மற்றவர் மீன்தான் எடுக்க வேண்டும். கெட்டுப்போனது ஒன்றாக இருந்தால் ஒருவர்தான் விழுவார், மற்றவர் ஓட்டிக்கொண்டு போய் இறக்குவார். எதை எடுப்பது என்று கேப்டனைத்தான் முதலில் கேட்பார்கள். இதைக் கேட்டது மத்தேயுவும் லூசியாவும் மட்டும்தான்.

மறுநாள் மத்தேயு காட்டிலிருந்து கிழங்கு தோண்டிக்கொண்டு வந்தான். வீட்டில் ஒரு ரொட்டிக்கு மாவு இருந்தது. லூசியா இரண்டையும் பங்கு போடப் போனபோது அவன் தடுத்தான்.

“ரெண்டு பேரும் ஒண்ணையே திங்கக் கூடாது. நாந்தான் கேப்டன், நான் மொதல்ல எடுக்கிறேன்” என்று சொல்லிக் கிழங்குச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“ரொட்டிய நீங்க எடுங்க. வெயில்ல கத்தி புடிக்கிறது நீங்கதானே.”

“எடுத்தாச்சு. நீயும் புள்ளையும் ரொட்டியத் தின்னுங்க.”

அந்தக் கிழங்கை மூன்று தண்ணீர் மாற்றி அவிக்க வேண்டும். அன்று விறகு ஈரம், பசி அவசரம். ஒரே தண்ணீரில் அவித்திருந்தார்கள். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் மத்தேயு செத்துப்போனான். சட்டம் எதற்காகப் போடப்பட்டதோ அதைச் சரியாகச் செய்தது. நல்லதைத் தான் தின்றுவிட்டுக் கெட்டதைப் புருஷனுக்குப் போட்டுவிட்டாள் என்று அடுத்த காம்பராப் பெரியாயி சொன்னாள், லயம் தலையாட்டியது. கேப்டன்தான் முதலில் எடுக்க வேண்டும், அவர் எடுத்துவிட்டார் என்று லூசியா சிங்கராயர் கங்காணியிடம் சொல்லிப் பார்த்தாள். விசி டென்னைப் பற்றி விழுந்த ஒவ்வொரு சொல்லையும் வேதவாக்காக நம்பிய அந்த மனிதர் இதை மட்டும் நம்பவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அடக்கம் முடிந்த அன்று மாலை ஒரு விமானம் வந்தது. கோழி ஆறிப்போயிருக்கிறது, மீன் வாயில் வைக்க முடியவில்லை, இரண்டையும் திருப்பி அனுப்பு என்று பேசிக்கொண்டார்கள். லூசியா மத்தேயுவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, அதன் பிடியால் கூரைத் தகரத்தை அடித்தாள். திங்காமல் எறிகிற கைகள் அழுகட்டும் என்று அடித்துக்கொண்டே சொன்னாள். மேலே பேச்சு நின்றது.

“கீழ யாரோ இருக்காங்க போலங்க” என்றது ஒரு குரல்.

“இருக்கட்டும். நமக்கு இன்னும் தூரம் இருக்கு” என்றது மற்றது.

அதற்குப் பிறகு தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. பெரியாயி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. கங்காணிக்குக் காது மந்தமானது. லூசியா காய்ச்சலிலும் கூடை சுமந்தாள், மழையில் அட்டை கடிக்கக் கொழுந்தெடுத்தாள், மறு கல்யாணம் பேசி வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். மகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்பு வரைக்கும் படிக்க வைத்தாள். பேச்சு ஒரு நாளும் நிற்கவில்லை.

எண்பத்திரண்டில் புது மாதிரி விமானங்களைப் பற்றிப் பேச்சு விழத் தொடங்கியது. பொத்தானை அமுக்கினால் மெஷினே திரும்புகிறது, பனிமூட்டத்தில் மெஷினே இறக்குகிறது, மூன்றாவது ஆளாக இருந்த என்ஜினியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நாளை நமக்கும் அதுதான் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். மெஷின் வந்தால் பேர் வெட்டி ஆளைக் குறைப்பார்கள் என்பதை லயத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் மேலிருந்த ஒருவர், இனி ரெண்டு பேரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டால் என்ன, ரெண்டு பேரும் விழுந்தாலும் அதுவே இறக்கிவிடுமே என்று சொல்லிச் சிரித்தார். மற்றவரும் சிரித்தார். இருந்தாலும் சட்டம் சட்டம்தானே, எனக்குக் கோழி என்றார்.

ஜெபமலருக்கு அப்போது பதினான்கு வயது. கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

“அப்ப அப்பா செத்தது வீண்தானாம்மா?” என்று கேட்டாள்.

லூசியா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள்.

“மெஷின் அவங்களுக்குத்தானே வந்திருக்கு. நமக்கு எது வந்துச்சு? உங்கப்பா விழுந்தாரு, நான் ஓட்டுனேன். நீ எறங்கி நிக்கிற.”

லூசியா குனிந்து அடுப்பை ஊதினாள். அடுத்த விமானத்தில் வந்தவர்கள் ஹோட்டல் அறையில் மெத்தை சரியில்லை என்று பேசிக்கொண்டே மலையைத் தாண்டிப் போனார்கள்.